பதினோரு வண்டிக்குப் பிரைமர்

“…அடிச்ச பிரைமரை எல்லாம் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு, மனுசன் தேறலீங்கன்னு சொன்னா எப்பிடீங்க? பதினோரு வண்டிக்குப் பிரைமர் அடிச்சு வெச்சிருக்காரு. ஒரு வண்டிக்காச்சும் மேல்பூச்சு அடிக்க உட்டீங்களா நீங்க?”

கேட்டவர் சங்ககிரி பாவாயக்கா. கேட்டது என்னை. இடம், புதுச்சத்திரம் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் மறுவாழ்வு மையத்தில் பெரிய டாக்டரின் அறை. மேசை மேல் பதினோரு தாள்கள் பரப்பிக் கிடந்தன. பதினொன்றும் ஒரே சிவப்பு. அந்தச் சிவப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசி முடித்து, என் பேச்சில் நானே மயங்கிப்போய் நின்றிருந்தேன். அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்தது. அப்போது எனக்கு ஓவிய சிகிச்சை வேலையில் பன்னிரண்டு வருட அனுபவம்.

இதைக் கேட்டுவிட்டு அந்தம்மா அடுத்துச் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நேராகப் போகிற ஆள் கிடையாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எனக்குப் பணி நிறைவு. மாலை, சால்வை, சேமியா பாயசம், எல்லாம் ஆயிற்று. ஆர்ட் ரூமில் இப்போது தாளும் இல்லை, கிண்ணமும் இல்லை. ஆளுக்கொரு டேப்லெட். விரலால் தொட்டால் நிறம் வருகிறது, இன்னொரு தொடுதலில் வெள்ளையாகிவிடுகிறது. கை கழுவ வேண்டியதில்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் அறையைச் சுத்தம் செய்யும்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நூலைக் காட்டி, “மேடம், இது எதுக்கு? தூக்கிப் போட்டுடலாமா?” என்று கேட்டார்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தால் பாயசம் ஆறிப்போயிருக்கும்.

நான் குமாரபாளையத்துக்காரி. அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டர். நான் நிறம் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, தொட்டிக்கரையில். எங்கள் தொழிலில் நூல் சாயத்தில் இறங்கி ஏறினால் அதுதான் நிறம். அடியில் ஒன்று, மேலே ஒன்று என்பதெல்லாம் கிடையாது. இதை இங்கே சொல்லி வைக்கிறேன், என் மடத்தனத்துக்குக் காரணம் பின்னால் தேட வேண்டாம் பாருங்கள்.

தறியில் கழித்துப்போட்ட துணியைச் சட்டத்தில் அறைந்து, மீந்த சாயத்தை ஊற்றி, துடைப்பத்தால் இழுத்துப் படம் போட ஆரம்பித்தேன். மரம், மாடு, கோபுரம் எதுவும் வராது. நிறம்தான் வரும். அதற்கு அரூப ஓவியம் என்று பெயர் இருப்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதல் கண்காட்சியை ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி அறையில் வைத்தேன். கல்யாணமும் அன்றைக்கே நடந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பந்திக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் என் ரசிகர்கள். “ஏனுங்க, இதுல எந்தப் பக்கம் மேல?” என்றார் ஒருவர். “இத்தாப் பெரிய துணிய இப்பிடி வீணாக்கிப்போட்டயே சாமி” என்று ஒரு பெரியம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

திருச்செங்கோட்டிலிருந்து வந்த போர்வெல் லாரிக்காரர் ஒருவர் மட்டும், ஒரு பழுப்புப் படத்தின் முன்னால் இரண்டு பந்தி முடியும் வரை நின்றார். “இது எழுநூறு அடிக்குக் கீழ வார மண்ணுங்க. நீங்க எங்க பாத்தீங்க?” என்று கேட்டார். நான் எங்கேயும் பார்க்கவில்லை என்றேன். “பரவால்லீங்க. இன்னொரு முந்நூறு அடி போட்டீங்கன்னா தண்ணி இருக்குது” என்று ஆறுதல் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். இன்று வரை என் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் வந்ததில்லை.

மையத்துக்குள் நான் நுழைந்ததும் படம் போடத்தான். வராந்தாச் சுவருக்கு ஏதாவது பூசிக் கொடுங்கள் என்றார்கள். நான் பூசிக்கொண்டிருக்கும்போது, வாதத்தில் விரல் மடங்கிப்போயிருந்த ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில் வந்து, ஈரச் சுவரில் விரலை வைத்து நீளமாக ஒரு கோடு இழுத்தார். நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், “சும்மா இரும்மா. அந்த விரல் நீண்டு இப்பத்தான் பாக்குறேன். நீ நாளைக்கும் வா” என்றது. அதுதான் பெரிய டாக்டர், மெஹருன்னிசா. நாளைக்கும் வா என்று அவர் சொன்னதில் இருபத்தாறு வருடம் போய்விட்டது. இடையில் கோயமுத்தூரில் ஒரு படிப்பு, பெங்களூரில் ஒரு பயிற்சி, இரண்டு சான்றிதழ். அதைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு வரி போதும்.

டாக்டரம்மாவைப் பற்றி ஒரு வரி போதாது. அவர் குடும்பத்துக்குச் சேலத்தில் பாத்திரக் கடை. குடம் வாங்க வருகிறவர்களுக்கு விரல் முட்டியால் தட்டிச் சத்தம் காட்டி வளர்ந்தவர். ஆகவே எதைப் பார்த்தாலும் தட்டுவார். மேசை, சுவர், நோயாளியின் முழங்கால், என் நெற்றி, எதுவும் தப்பாது. நான் ஆசையாகப் போட்டு ஆர்ட் ரூமில் மாட்டிய நீலப் படத்தையும் தட்டினார்.

“அது துணி டாக்டர், தட்டாதீங்க.”

“சத்தமே வரலையேம்மா.”

“படத்துக்கு எதுக்கு டாக்டர் சத்தம்?”

“ஓட்டை இருந்தா எப்படித் தெரியும்?”

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் மறுபரிசீலனை நாள் என்று ஒன்று வரும். அன்றைக்குப் பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பார்: “நேத்து முடியாதது இன்னைக்கு என்ன முடியுது?” பதில் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். ‘படத்துல துக்கம் தெரியுது டாக்டர்’ என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, “துக்கத்துக்கு என்னால பெட் குடுக்க முடியாதும்மா” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. எங்களிடம் இருந்த கட்டில் கொஞ்சம். வெளியே காத்திருந்தவர்கள் நிறையப் பேர். இரண்டு வாரம் பார்ப்போம். ஏதாவது ஒன்று புதிதாக முடிந்திருந்தால் இன்னும் ஆறு வாரம். இல்லையென்றால் பயிற்சிகள் எழுதிய ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

அப்படி வந்தவர்தான் தங்கவேல் அண்ணன். சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். வண்டிப் பக்கவாட்டில் கோடு, எழுத்து, பூ, பருந்து எல்லாம் அவர் கைவேலை. ஒரு நாள் சாரத்தின் மேல் நின்றபடியே பக்கவாதம் வந்து சரிந்துவிட்டார். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. என்ன கேட்டாலும் கண்ணால் பார்ப்பார், வாய் ஒரு பக்கம் இழுக்கும், சத்தம் வராது.

சேர்த்த அன்று அவர் மனைவி பாவாயக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “வாய்ப்பேச்சு போனாப் போகுதுங்க டீச்சரம்மா. கல்யாணமாகி மூணாம் நாளே என்னையப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. வண்டியோட அந்த மூலைல அவரு, இந்த மூலைல நானு. அன்னைக்கு வையறதுக்குத் தொறந்த வாயிங்க, இருவத்தேழு வருசமா மூடவே இல்ல. வாங்குன வசவு இன்னொரு இருவது வருசத்துக்குத் தாங்கும். கை மட்டும் வந்தாப் போதுமுங்க. கை இல்லீன்னா அவரு கட்டல்ல படுத்துக்கிட்டு செவத்தப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்துருவாரு.”

கதவுப் பலகையில் ‘ஓவிய சிகிச்சை’ என்று எழுதியிருக்கும். ஆனால் நோயாளிகள் யாரும் என்னை டீச்சர் என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. “இந்த வயசுல டிராயிங் போட்டு எந்தப் பரிச்சைக்குங்க போறது?” என்று கேட்காத ஆள் கிடையாது. என் அறையில் ஒரு முறை வைத்திருந்தேன். காலை பத்து மணிக்குச் சாய்வுப் பலகையில் புதுத் தாள். பின்பக்க மூலையில் பென்சிலால் தேதி. நான்கு எவர்சில்வர் கிண்ணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. பிடி தடிமனாக இருக்க வேண்டும் என்று தூரிகைக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருப்பேன். நல்ல கை வேலை செய்யும். விழுந்த கையைத் தாளின் மேல் எடுத்து வைத்து, தாள் நகராமல் அமுக்கச் சொல்வேன். அந்தக் கைக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும் அல்லவா. முடிந்ததும் கைதட்டிவிட்டு, படத்தை எடுத்து உலர்த்தி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். நேற்றைய படம் இன்று கண்ணில் படக்கூடாது. நேற்று முடியாததை நினைத்து இன்று சோர்ந்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. தினமும் புதுத் தாள், தினமும் புது ஆள். இதை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்குக் கர்வம் வேறு.

முதல் நாள் தங்கவேல் அண்ணன் கிண்ணங்களைப் பார்த்தார். இடது கையால் சிவப்பில் கொஞ்சம் கறுப்பைக் கலந்தார். செங்கல் சிவப்பு வந்தது. முதலில் தாளின் நாலு ஓரத்தையும் பூசிக் கட்டினார். பிறகு மேலிருந்து கீழாக, ஒரு இழுப்பின் விளிம்பு அடுத்த இழுப்பில் மறைய, ஊசி முனை இடம் விடாமல் பூசி முடித்தார். பழக்கமில்லாத இடது கைக்கு அப்படி ஒரு சமம். தூரிகையை வைத்தார். குனிந்து தாளை ஊதினார். விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் கைதட்டினேன். “சூப்பருங்கண்ணா” என்று தாளை உருவி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளும் அதே சிவப்பு, அதே ஓரம், அதே ஊதல். நானும் அதே கைதட்டல். மூன்றாம் நாளும் அப்படியே. வலது கையை நான் தாளின் மேல் எடுத்து வைப்பேன். மேலே விழுந்த சுள்ளியைத் தள்ளுகிற மாதிரி, அதை இடது கையால் எடுத்து மடியில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமை. இருபது வருடம் துடைப்பத்தால் இழுத்தும் எனக்கு வராத சமம் அது. ஒரு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அதே மாதிரி பூசிப் பார்த்தேன். திட்டுத் திட்டாக வந்தது. நம் மையத்துக்கு ஒரு பெரிய அரூப ஓவியர் வந்திருக்கிறார், உலகத்துக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். குறிப்பு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். ‘விபத்தின் சிவப்பு.’ ‘வெளியே வர மறுக்கும் கோபம்.’ ‘படம் முடிந்ததும் கண்ணை மூடுகிறார், ஆழ்ந்த துக்கம்.’ இப்போது அந்த நோட்டை யாராவது கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்வேன். தொலையவில்லை.

மறுபரிசீலனை நாள் வந்தது. தங்கவேல் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆர்ட் ரூமுக்குள் வீட்டாரை விடுவதில்லை. அதனால் பாவாயக்கா அந்தப் படங்களை அதுவரை பார்த்ததே இல்லை. நான் பதினொன்றையும் மேசையில் பரப்பிப் பேசத் தொடங்கினேன். துக்கம் வந்தது, கோபம் வந்தது, உள்மனம் வந்தது. ‘இவர் நிறத்தால் பேசுகிறார்’ என்று குரல் தழுதழுக்க முடித்தேன்.

டாக்டரம்மா ஒரு தாளைத் தட்டிப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“நல்லாத்தான் பேசின நீ. நேத்து முடியாதது இன்னைக்கு என்ன முடியுது?”

நான் தங்கவேல் அண்ணனைப் பார்த்தேன். வலது கை மடியில் கிடந்தது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, தங்கவேல் அண்ணனின் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். அப்போதுதான் ஓரத்தில் நின்றிருந்த பாவாயக்கா மேசையை எட்டிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்தினார். அழுகிறாராக்கும் என்று நினைத்து நான் தோளைத் தொடப் போனேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க டீச்சரம்மா, இது பிரைமருங்க” என்று ஆரம்பித்துத்தான், நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியில் கொண்டுபோய் விட்டார்.

“பிரைமர்னா என்னம்மா?” என்றார் டாக்டரம்மா.

“பலகைக்கும் தகரத்துக்கும் மொதல்ல ரெட் ஆக்சைடு அடிக்கோணுமுங்க. அடிச்சுப்போட்டு ஒரு நாளு காய உடோணும். அதுக்கப்பறம்தான் மத்த கலரு. இவரு சிவனேன்னு அடிச்சுட்டு, ஊதி உட்டுட்டு, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்னு போயிருக்காரு. நாளைக்கு வந்து பாத்தா, இவிய வேற புது வண்டியக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. மறுக்காவும் பிரைமர்ல இருந்து ஆரம்பிச்சா மனுசன் என்ன பண்ணுவாரு?”

நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. தங்கவேல் அண்ணன் இடது உள்ளங்கையால் கைப்பிடியை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். பதினோரு நாள் எரிச்சலும் அந்த இரண்டு தட்டில் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “ஆழ்ந்த துக்கம்னு சொன்னியேம்மா” என்றார். பூமி பிளந்து என்னை வாங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது. கூடவே எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. சாயப்பட்டறைக்காரி கண்ணுக்கு முதல் பூச்சே முழு நிறமாகத் தெரிந்துவிட்டது. காய்வதற்காக ஒரு மனிதன் காத்திருக்க முடியும் என்பது தோன்றவே இல்லை.

பாவாயக்கா யாரையும் கேட்கவில்லை. தாள்களைப் புரட்டித் தேதி பார்த்து முதல் நாள் தாளை எடுத்தார், அதுதான் நன்றாகக் காய்ந்தது. நாற்காலியின் சாப்பாட்டுப் பலகையைக் குறுக்கே போட்டு அதில் விரித்தார். டாக்டரம்மாவின் கையிலிருந்த ஃபைலை இதமாக உருவி, அதைக் கட்டியிருந்த வெள்ளை நூலைச் சரசரவென்று அவிழ்த்தார். ஃபேன் காற்றில் காகிதங்கள் அறை முழுவதும் பறந்தன.

“அது ஆபீஸ் ஃபைலும்மா” என்றார் டாக்டரம்மா.

“கட்டித் தாரனுங்க.”

இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் கொட்டினார். திருநீறு. நூலை அதில் வைத்து மூடி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவினார்.

“கோயில் திருநீறு இல்லையா அது?”

“ஆமாங்க. இவரு கைக்குன்னு வேண்டிக்கிட்டு வாங்கியாந்தது. இப்பவும் கைக்குத்தானுங்களே.”

பட்டறையில் பிரைமர் காய்ந்ததும் முதல் வேலை நூல் அடிப்பதாம். பொடி தடவிய நூலை ஒரு மூலையில் அவர் அமுக்க, மறு மூலையில் பாவாயக்கா இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒரு சுண்டு சுண்டினால் பலகை மேல் நேராகக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்தான் எழுத்து நிற்கும். பாவாயக்கா நூலின் ஒரு முனையைத் தாளின் வலது ஓரத்தில் வைத்து, மடியில் கிடந்த வலது கையைத் தூக்கி, கட்டை விரலை அதன் மேல் வைத்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய்க் குந்தினார். மறுமுனையைப் பிடித்தார்.

இடது கை தானாக எழுந்தது. நூலின் நடுவில் போய், சுண்டுவதற்குத் தயாராக இரண்டு விரலால் பற்றியது. இனி வலது கையைத் தள்ளிவிட வேறு கை இல்லை. அது அங்கேயே இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். கட்டை விரல் நகம் வெளுத்துக்கொண்டு வந்தது. மெதுவாகத்தான், ஆனால் வெளுத்தது. அவர் அமுக்குகிறார். டாக்டரம்மாவும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். எதையும் தட்டவில்லை. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பேனாவை மூடியபடி, “ஆறு வாரம்னு எழுதிக்கம்மா” என்று என் காதில் சொன்னார்.

பாவாயக்காவும் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் பக்கத்து நூல் தொய்ந்துவிட்டது. தங்கவேல் அண்ணனின் புருவம் சுருங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி தொண்டைக்குள் ஏதோ இருமியது, நின்றது, மறுபடி இருமியது.

“இழு” என்றார்.

கரகரவென்று, நல்ல அதட்டலாக வந்தது.

பாவாயக்கா இழுக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு, கையை இன்னும் ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து, நூலை நன்றாகத் தொய்ய விட்டார்.